ரிவர்சலை எண்ணினால் மட்டும் போதாது: நீளத்தை அளக்கும் செய்முறை

இரண்டு ஜீனோம்களை (ஜீனோம் என்பது ஒரு உயிரின் மொத்த டிஎன்ஏ) ஒப்பிட்டு, இதிலிருந்து அதற்குப் போக ஏழு ரிவர்சல், அதாவது ஏழு தடவை ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்புவது, ஆகிறது என்று ஒரு எண்ணை எழுதி அத்தோடு நிறுத்திக்கொள்கிற பழக்கம் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பவர்களிடம் நிறையவே இருக்கிறது. பாடமும் அப்படித்தான் சொல்லித் தருகிறது, சாஃப்ட்வேரும் அந்த எண்ணைத்தான் முதலில் காட்டுகிறது. எண்ணில் தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு மரபணுவைத் திருப்பிப் போட்டாலும் அது ஒரு ரிவர்சல், குரோமோசோமில் பாதியைத் திருப்பிப் போட்டாலும் அதுவும் ஒரு ரிவர்சல். இரண்டையும் ஒன்று, ஒன்று என்று எண்ணிவிட்டால் அந்த உயிருக்குள் உண்மையில் என்ன நடந்தது என்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விடும். நீளத்தை எப்படி அளப்பது, எந்த அலகில் அளப்பது, அளந்ததை எதோடு ஒப்பிடுவது, எங்கெல்லாம் ஏமாந்து போவோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பைத்தானில் ஒரு பட்டியலைத் திருப்பி, அதில் உள்ள எண்களின் குறியை மாற்றத் தெரிந்தால் போதும், இதில் உள்ள எல்லாவற்றையும் நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. குரோமோசோம் இரண்டு இடங்களில் அறுந்து, நடுவில் உள்ள துண்டு தலைகீழாகத் திரும்பி மறுபடியும் ஒட்டிக்கொண்டால் அதை உயிரியலில் இன்வெர்ஷன் என்பார்கள், கணினிப் பக்கத்தில் ரிவர்சல் என்பார்கள். 1921-இல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட், டிரோசோஃபிலா பழ ஈயின் இரண்டு இனங்களை ஒப்பிட்டபோது மூன்றாம் குரோமோசோமில் மரபணு வரிசை ஓர் இடத்தில் மட்டும் தலைகீழாக இருப்பதைக் காட்டினார். துண்டு திரும்பும்போது மரபணுக்களின் வரிசை மட்டும் மாறுவதில்லை, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒவ்வொன்றும் எந்த இழையில் இருக்கிறது என்பதும் மாறும். அதனால்தான் நாம் எண்ணுக்கு முன்னால் கூட்டல், கழித்தல் குறி போடுகிறோம். +2 +3 +4 என்ற துண்டைத் திருப்பினால் −4 −3 −2 ஆகும்.

நீளம் தற்செயலாக அமைவதில்லை என்பதற்கு மருத்துவத்திலேயே ஒரு சான்று உண்டு. ரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையாக உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் நடக்கிற ஒரே ஒரு ரிவர்சல். ஃபேக்டர் 8 மரபணுவின் 22-ஆம் இன்ட்ரானுக்குள் (புரதமாக மாறாத இடைப்பகுதி) சுமார் 9,500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதே துண்டின் பிரதி, அங்கிருந்து சில லட்சம் பேஸ் தள்ளி, எதிர்த் திசையில் இருக்கிறது. இரண்டும் தவறுதலாக ஒன்றோடொன்று இணை சேரும்போது இடையில் உள்ளதெல்லாம் திரும்பிவிடுகிறது, மரபணு நடுவிலேயே இரண்டாகிப் போகிறது. அந்த ரிவர்சலின் நீளத்தைத் தீர்மானித்தது பிரதிகளுக்கு இடையில் உள்ள தூரம். நீளத்தைப் பதிவு செய்தால் இந்த மாதிரிக் காரணத்தைத் தேடிப் போக ஒரு வழி கிடைக்கும்.

பிளாக்குகளைத் தயார் செய்வது

ரிவர்சல் கணக்கின் மூலப்பொருள் மரபணு அல்ல, பிளாக். இரண்டு ஜீனோம்களிலும் உள்ளுக்குள் கலையாமல் ஒரே வரிசையில் இருக்கிற பகுதியைத்தான் பிளாக் என்கிறோம். அலைன்மென்ட் செய்து, அதாவது இரண்டின் எழுத்துக்களையும் பொருத்திப் பார்த்து, பிளாக்குகளைப் பிரித்து, ஒரு ஜீனோமின் வரிசையை 1, 2, 3 என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதன்படி குறியோடு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு பிளாக்கின் நீளத்தையும் பேஸ் கணக்கில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இந்தப் பட்டியலைத்தான். பிளாக் எண்கள் கையில் வந்ததும் அசல் நீளங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் மூன்று பிளாக் நீளம், ஐந்து பிளாக் நீளம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிளாக் 8 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் பேஸ்), பக்கத்துப் பிளாக் 800 கிலோபேஸ் என்று இருக்கும்போது அந்த அலகுக்கு அர்த்தமே இல்லை.

ஒரே பிளாக் இரண்டு ஜீனோம்களிலும் சரியாக ஒரே நீளத்தில் இருக்காது; இடையில் செருகல்களும் இழப்புகளும் இருக்கும். எந்த ஜீனோமின் நீளத்தை எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்து அதை எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பிளாக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் ஒரு தொல்லை. அறுந்த இடம் அந்த இடைவெளிக்குள் எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு ரிவர்சலுக்கும் ஒற்றை நீளம் கொடுப்பதைவிட, உள்ளே இருக்கிற பிளாக்குகளும் அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளும் சேர்ந்தது குறைந்தபட்சம், இரண்டு ஓர இடைவெளிகளையும் சேர்த்தால் அதிகபட்சம் என்று இரண்டு எண் கொடுப்பது நேர்மையான வேலை. நீளமான ரிவர்சலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரு மரபணு அளவுள்ள ரிவர்சலில் நீளமே இரட்டிப்பாகிவிடலாம்.

பிளாக்கின் குறைந்தபட்ச அளவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2003-இல் பாவெல் பெவ்ஸ்னரும் கிளென் டெஸ்லரும் மனித ஜீனோமையும் எலி ஜீனோமையும் ஒப்பிட்டபோது, குறைந்தது 10 லட்சம் பேஸ் நீளமுள்ள 281 பிளாக்குகளை எடுத்து, குறைந்தது 245 மாற்றங்கள் நடந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பிளாக்குகளுக்கு உள்ளேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மாற்றங்கள் இருந்தன, அவை இந்த 245-இல் சேரவில்லை. வலையின் கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் தப்பிவிடும். ஆகையால் வெவ்வேறு பிளாக் அளவு வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகளின் நீளப் பரவலை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

எண்ணிக்கை முதலில், ஆனால் அங்கேயே நிற்க வேண்டாம்

குறி தெரிந்த பிளாக்குகள் என்றால் மிகக் குறைந்த ரிவர்சல் எண்ணிக்கையை வேகமாகக் கண்டுபிடிக்கலாம். 1995-இல் ஶ்ரீதர் ஹன்னென்ஹள்ளியும் பெவ்ஸ்னரும் இதற்கான முறையைக் கொடுத்தார்கள். 2001-இல் பேடர், மோரெட், யான் மூவரும் எண்ணிக்கையை மட்டும் கண்டுபிடிக்க பிளாக் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரமே போதும் என்று காட்டினார்கள். குறி தெரியாவிட்டால் கதை வேறு: 1997-இல் கப்ராரா அது என்பி-கடினம், அதாவது வேகமான வழிமுறை எதுவும் தெரியாத கணக்கு வகை, என்று நிரூபித்துவிட்டார். குறியைத் தொலைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

கையால் ஒரு கீழ் எல்லை போடுவதும் எளிது. வரிசைக்கு முன்னால் 0, பின்னால் கடைசி எண்ணுக்கு அடுத்த எண் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டில், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1 வராத ஒவ்வோர் இடமும் ஒரு பிரேக்பாயின்ட். ஒரு ரிவர்சல் அதிகபட்சம் இரண்டு பிரேக்பாயின்ட்டைத்தான் சரிசெய்யும். மனித எக்ஸ் குரோமோசோமின் பிளாக்குகளை 1 முதல் 11 வரை என்று வைத்தால், எலியின் எக்ஸ் +1 −7 +6 −10 +9 −8 +2 −11 −3 +5 +4 என்று வரும். இதில் பிரேக்பாயின்ட் 11, ஆகவே ஆறுக்குக் குறைய வழியில்லை. உண்மையில் ஏழு தேவைப்படுகிறது. இந்த ஏழில் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, ஏனென்றால் ஏழு படியில் முடிக்கிற வழி ஒன்று மட்டும் கிடையாது.

கையால் ஒரு தடவை: முட்டைக்கோஸும் டர்னிப்பும்

இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமான எடுத்துக்காட்டு இதுதான். 1988-இல் ஜெஃப்ரி பாமரும் லாரா ஹெர்பனும் முட்டைக்கோஸ், டர்னிப் இரண்டின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். மரபணுக்களின் எழுத்துக்கள் ஏறக்குறைய ஒன்றேபோல இருந்தன, வரிசைதான் மாறியிருந்தது. ஐந்து பிளாக்காகச் சுருக்கினால் ஒன்று +1 −5 +4 −3 +2, மற்றது +1 +2 +3 +4 +5.

+4-ஐத் திருப்புங்கள்: +1 −5 −4 −3 +2. அடுத்து +2-ஐத் திருப்புங்கள்: +1 −5 −4 −3 −2. கடைசியாக அந்த நாலையும் சேர்த்துத் திருப்பினால் +1 +2 +3 +4 +5. மூன்று ரிவர்சல், நீளம் 1, 1, 4. வரிசையை மாற்றிச் செய்து பாருங்கள், நாலு பிளாக்கை முதலில் திருப்பிவிட்டு அப்புறம் ஒற்றை பிளாக்குகளைத் திருப்பினாலும் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். மூன்றை அடுக்க ஆறு விதம், ஆறிலும் நீளங்கள் அதேதான்.

சரி, இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை வட்டமாகத்தான் வரைகிறோம். வட்டத்தில் நாலு பிளாக்கைத் திருப்புவதும், மிச்சமிருக்கிற பிளாக் 1-ஐ மட்டும் திருப்பிவிட்டு மொத்தத்தையும் எதிர் இழையிலிருந்து வாசிப்பதும் ஒன்றுதான். நம்பிக்கை வராவிட்டால் எழுதிப் பாருங்கள்: −1 −5 −4 −3 −2 என்பதை எதிர்ப்பக்கமிருந்து வாசித்தால் +2 +3 +4 +5 +1, வட்டத்தில் அது 1 2 3 4 5. ஆக, நேர்கோட்டில் 4 என்று எழுதிய நீளம் வட்டத்தில் 1. ஜீனோம் வட்டமாக இருந்தால் துண்டின் நீளம், மொத்தத்திலிருந்து அதைக் கழித்தது, இந்த இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும். பாக்டீரியா ஜீனோமில் வேலை செய்பவர்கள் நேர்கோட்டுக்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டு, பாதிக்கும் மேல் நீளமான ரிவர்சல்கள் இருப்பதாக அறிக்கை எழுதுவது இந்த இடத்தில்தான். ஃபைலில் முதல் பேஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்பது மனிதர்கள் வைத்த ஏற்பாடு, உயிருக்கு அது தெரியாது.

ஒரே எண்ணிக்கை, இரண்டு வழி

முட்டைக்கோஸ் கணக்கில் எந்த வழியில் போனாலும் நீளம் மாறவில்லை. எல்லாம் அப்படி அமையாது. −3 +2 +1 −4 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், நேர்கோட்டுக் குரோமோசோம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நாலு ரிவர்சல் வேண்டும். நாலு படியில் முடிக்கிற வழிகள் மொத்தம் 28, ஆனால் அந்த 28-உம் இரண்டு குடும்பத்துக்குள் அடங்கிவிடும்.

முதல் குடும்பம்: 1-ஐத் திருப்பு, 2-ஐத் திருப்பு, 4-ஐத் திருப்பு, 1, 2, 3 மூன்றையும் சேர்த்துத் திருப்பு. இந்த நாலையும் எந்த வரிசையில் செய்தாலும் சரியாக வரும், அதனால் 24 வழி. இரண்டாவது குடும்பம் கொஞ்சம் சுற்றிப் போகும். +2 +1 −4-ஐத் திருப்பினால் −3 +4 −1 −2. பிறகு முதல் மூன்றைத் திருப்பினால் +1 −4 +3 −2. பிறகு கடைசி மூன்றைத் திருப்பினால் +1 +2 −3 +4. அப்புறம் 3-ஐ மட்டும் திருப்பினால் முடிந்தது. மூன்று பெரிய திருப்பல்களின் வரிசையை மாற்ற முடியாது, ஆனால் 3-ஐத் தனியாகத் திருப்புவதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் செருகலாம், அதனால் 4 வழி.

இப்போது பிளாக்குகளுக்கு நீளம் கொடுப்போம். உதாரணத்துக்கு 1-க்கு 40 கிலோபேஸ், 2-க்கு 25, 3-க்கு 110, 4-க்கு 15. முதல் குடும்பத்தின் நீளங்கள் 40, 25, 15, 175, மொத்தம் 255. இரண்டாவதில் 80, 165, 150, 110, மொத்தம் 505. ரிவர்சல் எண்ணிக்கை இரண்டிலும் நாலுதான், மொத்த நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடனே முதல் குடும்பம்தான் சரி என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் 170 கிலோபேஸுக்கு மேல் ஒரு துண்டு திரும்பினால் அந்த உயிர் பிழைக்காது என்று நம்ப உங்களுக்கு வலுவான காரணம் இருந்தால், முதல் குடும்பம் அடிபட்டுப் போகும், அதில் 175 இருக்கிறது. இரண்டாவதில் பெரியதே 165தான். மொத்தத்தைப் பார்ப்பதா, உச்சத்தைப் பார்ப்பதா என்பதை உயிரியல் அறிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நிரல் அதைச் சொல்லாது.

சராசரியிலும் இதே ஆபத்து. 28 வழிகளையும் சமமாக மதித்துச் சராசரி போட்டால் ஒரு ரிவர்சலுக்கு 72.7 கிலோபேஸ் வரும். இரண்டு குடும்பங்களையும் சமமாக மதித்தால் 95 வரும். தரவு அதே தரவு. அப்படியிருக்க, சாஃப்ட்வேர் கொடுத்த ஒரே ஒரு வழியிலிருந்து நீளங்களை எடுத்து வரைபடம் போட்டால் அதை எப்படி நம்புவது? பல சாஃப்ட்வேர்கள் தாங்கள் முதலில் கண்டுபிடித்த ஒரு வழியைத்தான் காட்டும். அது இயற்கை போன வழி என்று அவை எங்கேயும் சொல்லவில்லை, நாமாகத்தான் அப்படி எடுத்துக்கொள்கிறோம். முடிந்தவரை எல்லா வழிகளையும், அல்லது அவற்றிலிருந்து எடுத்த ஒரு நல்ல மாதிரியை வைத்து வேலை செய்யுங்கள். எப்படிச் சராசரி போட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

நீளத்துக்கு விலை வைப்பது

வழிகளைத் தரம் பிரிக்க, ஒவ்வொரு ரிவர்சலுக்கும் நீளத்தைப் பொறுத்து ஒரு செலவு வைக்கலாம். 2002-இல் ரான் பின்டரும் ஸ்டீவன் ஸ்கீனாவும் இந்தப் பார்வையை முன்வைத்தார்கள், 2004-இல் மைக்கேல் பெண்டரும் மற்றவர்களும் அதை விரிவாக்கினார்கள். செலவு என்பது நீளத்தின் ஆல்பா அடுக்கு. ஆல்பா 0 என்றால் எல்லா ரிவர்சலுக்கும் ஒரே செலவு, பழைய எண்ணிக்கைக் கணக்குதான். 1 என்றால் மொத்த நீளம். 1-க்கு மேல் போகப் போக நீளமான ரிவர்சலுக்குத் தண்டனை கூடும், குறுகிய ரிவர்சல்கள் பலவற்றைச் செய்வது லாபமாகத் தெரியும்.

ஆல்பா 1-க்கு அழகான ஒரு வழிமுறை உண்டு, அதை ஒருமுறை யோசித்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் சுபாவம் பிடிபட்டுவிடும். குறியை இப்போதைக்கு விடுங்கள். வெறும் 0, 1 மட்டும் உள்ள ஒரு வரிசையை வரிசைப்படுத்த வேண்டும். இடது பாதியைத் தனியாகவும் வலது பாதியைத் தனியாகவும் வரிசைப்படுத்துங்கள். இடதில் 0-க்கள் முன்னால், 1-கள் பின்னால், வலதிலும் அப்படியே. இப்போது இடதின் 1-களும் வலதின் 0-க்களும் நடுவில் ஒட்டி நிற்கின்றன, அந்த நடுத் துண்டை ஒரே ரிவர்சலில் திருப்பினால் வேலை முடிந்தது. நீளம் n என்றால் மொத்தச் செலவு n × log n அளவுக்குள் நிற்கும். எண்கள் முழுவதையும் வரிசைப்படுத்த, நடுமதிப்புக்குக் கீழே உள்ளவற்றை 0, மேலே உள்ளவற்றை 1 என்று வைத்து இதைச் செய்துவிட்டு, இரண்டு பாதிகளிலும் மறுபடி மறுபடி அதையே செய்யுங்கள்; இன்னொரு log n பெருக்கலில் சேரும், அவ்வளவுதான்.

உங்கள் தரவில் பிளாக்குகள் குறைவாக இருந்தால் இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் தேவையில்லை, முழுசாகத் தேடிவிடலாம். ஒவ்வொரு குறியிட்ட வரிசையும் ஒரு கணு, ஒவ்வொரு ரிவர்சலும் ஒரு பாதை, பாதையின் செலவு உங்கள் ஆல்பாவின்படி. அதில் டைக்ஸ்ட்ரா, அதாவது மிக மலிவான வழியைத் தேடும் வழிமுறையை, ஓட்டுங்கள். நாலு பிளாக்குக்கு 384 கணு, ஏழுக்கு 6,45,120, எட்டுக்கு ஒரு கோடியைத் தாண்டிவிடும். சாதாரண லேப்டாப்பில் ஏழு வரை பைத்தான் தாங்கும். இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆல்பா 0 அல்லாதபோது மலிவான வழி, எண்ணிக்கையில் மிகக் குறைந்த வழியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ரிவர்சல் கூடுதலாகச் செய்து மொத்த நீளத்தைக் குறைக்க முடிந்தால் டைக்ஸ்ட்ரா அந்தப் பக்கம்தான் போகும். இரண்டையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், மிகக் குறைந்த எண்ணிக்கை கொண்ட வழிகளுக்குள் மட்டும் மொத்த நீளத்தை ஒப்பிடுங்கள், அல்லது ஒவ்வொரு ரிவர்சலுக்கும் ஒரு நிலையான கட்டணத்தையும் நீளத்தோடு சேர்த்து வையுங்கள். ஆல்பாவை 0, 0.5, 1, 2 என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதையும் பரிந்துரைக்கிறேன். எந்த மதிப்பிலும் நிலைத்து நிற்கிற ரிவர்சல்களைத்தான் நான் தைரியமாக நம்புவேன்.

எதோடு ஒப்பிடுவது

நீளங்கள் கிடைத்துவிட்டன, பெரும்பாலானவை குறுகியவை. இது ஆச்சரியமா இல்லையா என்று சொல்ல, சும்மா இரண்டு இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து அறுத்தால் என்ன நீளம் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். நேர்கோட்டில் 100 பிளாக் இருந்தால், ஒரு பிளாக் நீளமுள்ள ரிவர்சலுக்கு 100 இடம், இரண்டு பிளாக்குக்கு 99 இடம், 100 பிளாக் நீளத்துக்கு ஒரே இடம். மொத்தம் 5,050. சராசரி நீளம் 34 பிளாக். ஒற்றை பிளாக் ரிவர்சல்கள் சுமார் 2 சதவீதம் வர வேண்டும். உங்கள் கணக்கில் கால்வாசி ஒற்றை பிளாக் என்று வந்தால், அங்கே ஏதோ இருக்கிறது.

வட்டத்தில் கணக்கு மாறும். சிறிய பக்கத்தை எடுக்கிறோம் என்பதால் பூஜ்யத்திலிருந்து பாதி வரை எல்லா நீளத்துக்கும் சம வாய்ப்பு, சராசரி மொத்தத்தில் கால் பங்கு. ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 வகை ஜீனோம் சுமார் 46.4 லட்சம் பேஸ் என்றால், கண்ணை மூடி அறுத்தால் சராசரி 11.6 லட்சம் வர வேண்டும்.

பாக்டீரியாக்களில் குறுகிய ரிவர்சல்கள் எதிர்பார்ப்பைவிட அதிகம் என்பதை டேவிட் சாங்காஃப், நாடியா எல்-மப்ரூக் ஆகியோரின் குழு 2004-இல் எழுதியது. ஆனால் ஒற்றை மரபணு ரிவர்சல் நிறையத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் தரவை. அசெம்பிளியில், அதாவது சிறு துண்டுகளை ஒட்டி முழு ஜீனோமை உருவாக்கும்போது, ஒரு துண்டு தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஒரு மரபணுவின் ஜோடி என்று நீங்கள் எடுத்தது உண்மையில் வேறொரு பிரதியாக இருக்கலாம். இரண்டுமே கணக்கில் குட்டி ரிவர்சலாகத்தான் வந்து நிற்கும். இந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாக அலைன்மென்ட்டில் திறந்து பாருங்கள், அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் மேலே கட்டியதெல்லாம் ஆடிப்போகும்.

பாக்டீரியாவுக்கு இன்னொரு அளவு

2000-இல் ஜோனதன் ஐசனும் சக ஆய்வாளர்களும் நெருங்கிய பாக்டீரியா ஜீனோம்களைப் புள்ளி வரைபடமாக, அதாவது ஒரு ஜீனோமின் இடத்தைக் கிடை அச்சிலும் மற்றதன் இடத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து, போட்டுப் பார்த்தபோது நடுவில் பெருக்கல் குறி போன்ற உருவம் வந்தது. டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்குகிற இடத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம தூரத்தில் அறுந்து திரும்புகிற ரிவர்சல்கள் அடுத்தடுத்து நடந்தால் இந்த உருவம் வரும். தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு கைகளாக நகலெடுப்பு ஓடி எதிர்ப்பக்கத்தில் முடிகிறது. ஒரு கை நீண்டு மற்றது குறுகினால் செல்லுக்கு அது பாதகம், அதனால் சமச்சீரான ரிவர்சல்கள் பிழைத்து நிற்கின்றன என்பது ஒரு விளக்கம். அறுபடுவதே நகலெடுப்பு நடக்கும் முனைகளில்தான், இரண்டு முனைகளும் ஒரே வேகத்தில் நகர்வதால் சமச்சீர் வருகிறது என்பது இன்னொரு விளக்கம்.

எனவே பாக்டீரியாவில் நீளத்தை மட்டும் எழுதினால் போதாது. ஒரு ரிவர்சல் நகலெடுப்பு தொடங்கும் இடத்தைத் தாண்டிப் போனால், அந்த இடத்திலிருந்து அதன் இடது ஓரம் எவ்வளவு தூரம், வலது ஓரம் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் எழுதி, வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். நீளம் 20 லட்சம் பேஸாக இருந்தும் வித்தியாசம் 50 ஆயிரம் மட்டுமே என்றால் அந்த ரிவர்சல் செல்லுக்குப் பெரிய பாரம் இல்லை. 6 லட்சம் நீளத்தில் வித்தியாசம் 5 லட்சம் என்றால் பாரம். நீளத்தை மட்டும் பார்த்துச் செலவு வைத்தால் இது தலைகீழாகத் தெரியும். நகலெடுப்பு முடியும் இடம் சரியாக எதிரே இருந்தால், வட்டத்தின் எந்தப் பக்கத்தை எடுத்து அளந்தாலும் வித்தியாசம் மாறாது, அது ஒரு வசதி.

2008-இல் டார்லிங், மிக்லோஷ், ராகன் மூவரும் பிளேக் கிருமி இருக்கிற யெர்சினியா பேரினத்தின் எட்டு ஜீனோம்களை எடுத்து, ஒரே ஒரு வழியை நம்பாமல், சாத்தியமான வழிகளிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ரிவர்சல்கள் எதிர்பார்த்ததைவிடக் குறுகியவை, சமச்சீரும் தெரிந்தது. இந்தக் கிருமியில் இடம் மாறித் திரியும் சிறு டிஎன்ஏ துண்டுகளின் பிரதிகள் ஏராளம், ரிவர்சலுக்குப் பஞ்சமே இல்லை. நீளம் பற்றி ஒரு ஆய்வு எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடைசிச் சோதனை

உங்கள் முறை நீளத்தைச் சரியாக மீட்டெடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, விடை தெரிந்த தரவில் ஓட்டிப் பார்ப்பதுதான். உங்கள் ஜீனோமில் உள்ள அதே எண்ணிக்கை, அதே நீளங்கள் கொண்ட பிளாக்குகளை 1, 2, 3 என்று அடுக்கி, நீங்களே தேர்ந்தெடுத்த நீளப் பரவலிலிருந்து ரிவர்சல்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போங்கள். முடிவில் கிடைக்கும் வரிசையை மட்டும் உங்கள் முறையிடம் கொடுத்து, அது சொல்கிற நீளங்களை உண்மையான நீளங்களோடு ஒரே வரைபடத்தில் போடுங்கள். குறுகிய ரிவர்சல்கள் மட்டும், நீளமானவை மட்டும், கலந்தது என்று மூன்று விதமாகவாவது செய்ய வேண்டும்.

ரிவர்சல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாம் குழம்பும். இடங்களைச் சும்மா தேர்ந்தெடுத்தால், பிளாக் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி அளவு ரிவர்சல் வரைக்கும் கணக்கிட்ட எண்ணிக்கை உண்மையோடு கூடவே வரும், அதற்கு மேல் பின்தங்கும். எண்ணிக்கையே பின்தங்கிய இடத்தில், அந்த வழிகளிலிருந்து எடுத்த நீளங்களை வைத்து எதுவும் பேச முடியாது. உங்கள் அசல் தரவு 100 பிளாக்கும் 60 ரிவர்சலும் என்று வந்தால், அதிலிருந்து நீளப் பரவல் வரைந்து வெளியிடுவதற்குப் பதில், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது ஒரு ஜீனோமைத் தேடிச் சேர்த்து, பாதையை இரண்டு சிறு பாதைகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.